ஷூ தொழிலில் பெண்கள்: இந்தியாவை எந்த நாடுகளோடு ஒப்பிடுவது?

வாலாஜா மாணவி (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். வேலூரில் எம்.ஏ. பொருளாதாரம் கடைசி வருஷம் படிக்கிறேன். ஷூ, தோல் பொருள் தொழிலில் பெண்களின் வேலைவாய்ப்பு என்பது என் ப்ராஜெக்ட். அம்மா சிப்காட் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கிறார். காலையில் வரும் கம்பெனி பஸ்ஸில் டிரைவரைத் தவிர கிட்டத்தட்ட எல்லோரும் பெண்கள்தான். அதனால் இந்தத் தலைப்பைத் தேட நான் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை.

சிக்கல் மூன்றாவது அத்தியாயத்தில். அதில் சர்வதேச ஒப்பீடு கட்டாயம் இருக்க வேண்டும் என்று கைடு சொல்லிவிட்டார். "ஓ.ஈ.சி.டி. நாடுகளை எடு, 38 நாடு இருக்கு, தரவு சுத்தமா இருக்கும்" என்றார். பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த அமைப்பு அது. எடுத்தேன். வேலையில் இருக்கும் அல்லது வேலை தேடும் பெண்களின் விகிதத்தில் இந்தியா அடியில் போய் நிற்கிறது. என் வகுப்புத் தோழி தெற்காசியாவின் சார்க் நாடுகள் எட்டையும் வைத்து அதே விகிதத்தைப் போட்டாள். அதில் பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் நமக்குக் கீழே. அவள் அத்தியாயத்தில் இந்தியா பரவாயில்லை, என் அத்தியாயத்தில் இந்தியா மோசம். இரண்டிலும் அதே இந்தியா, அதே வருஷம்.

உலக வங்கி, ஐ.நா. மாதிரி பெரிய இடங்களில் நாடுகளை எப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்? ஏதாவது விதி உண்டா, இல்லை அவரவர் இஷ்டமா? நான் எந்த நாடுகளை எடுத்தால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டாமல் வெளியே வருவேன்?


பாலாற்று மணல்:

இதுக்குப் போயா இவ்வளவு யோசனை? ஜி20 எடுத்துக்கோ தங்கச்சி. பெரிய நாட்டைப் பெரிய நாட்டோடுதான் ஒப்பிடணும். ஓ.ஈ.சி.டி.யில் லக்சம்பர்க் எல்லாம் இருக்கு. மொத்த ஜனமும் ஏழு லட்சத்தைத் தாண்டாது. 2011 கணக்கெடுப்பில் நம்ம பிரிக்காத வேலூர் மாவட்டம் மட்டுமே 39 லட்சம். ரெண்டையும் ஒரே பட்டியலில் வைத்து ரேங்க் போடுவது என்ன நியாயம்?


காட்பாடி ஓய்வூதியர்:

பாலாற்று மணல் தம்பி, ஜி20 பட்டியலில் வியட்நாம் கிடையாது. சீனாவுக்கு அடுத்தபடியாக உலகத்தில் அதிக ஷூ ஏற்றுமதி செய்யும் நாடு அது. ஷூவைப் பற்றிய அத்தியாயத்தில் வியட்நாமை விட்டுவிட்டு சவுதி அரேபியாவை உள்ளே வைத்தால், வைவாவில் முதல் கேள்வியே அதுதான்.

மாணவிக்கு: நான் புள்ளியியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விளைச்சலை மதிப்பிடும் நெல் அறுவடைச் சோதனைக்காக ஆற்காடு, வாலாஜா, சோளிங்கர் பக்கமெல்லாம் வயலில் இறங்கி நின்றிருக்கிறேன். எந்தக் கிராமம், எந்த சர்வே நம்பர், வயலுக்குள் எந்த இடம், எல்லாவற்றையும் குலுக்கல் மாதிரி அட்டவணையில் வரும் சமவாய்ப்பு எண்கள்தான் முடிவு செய்யும். வயலின் தென்மேற்கு மூலையில் ஆரம்பித்து, நீளவாக்கில் இத்தனை, அகலவாக்கில் இத்தனை என்று அளந்துகொண்டு போய், முளை அடித்து, ஐந்துக்கு ஐந்து மீட்டரில் கயிறு கட்டுவோம். கயிற்றுக்குள் பயிர் சாய்ந்து கிடந்தாலும் சரி, தளதளவென்று நின்றாலும் சரி, அதைத்தான் அறுத்து, அடித்து, எடை போட வேண்டும். பயிர்க் காப்பீடு வந்த பிறகு, "சார், அந்தப் பக்கம் கட்டுங்க, அங்கதான் கதிரே இல்ல" என்று வயல்காரர் கெஞ்சுவார். காதில் வாங்கவே கூடாது.

நாடுகள் விஷயத்தில் அப்படி ஒரு எண் அட்டவணையே கிடையாதும்மா. பெரும்பாலும் கயிறு எங்கே விழ வேண்டும் என்பதை வயல்காரரே முடிவு செய்கிறார். இதை மனதில் வைத்துக்கொண்டால் உன் கேள்வியில் பாதிக்குப் பதில் வந்துவிடும்.

நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள். பைசா என்று ஒரு பரீட்சை இருக்கிறது. 15 வயதுப் பிள்ளைகளுக்கு ஓ.ஈ.சி.டி. 2000-லிருந்து நடத்துவது. உறுப்பு நாடுகளுக்காக ஆரம்பித்தது, மற்றவர்களும் பணம் கட்டிச் சேரலாம். 2009 சுற்றின் நீட்டிப்பில் இந்தியா சேர்ந்தது. இந்தியா என்றால் முழு இந்தியாவும் அல்ல, தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் மட்டும். முடிவு 2011 கடைசியில் வந்தது. பட்டியலின் அடியில் நம் இரண்டு மாநிலங்களும் கிர்கிஸ்தானும். கேள்விகள் நம் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று டெல்லியில் சொன்னார்கள். 2012, 2015, 2018 சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவே இல்லை. அதே 2009 பட்டியலில் முதலிடம் யாருக்கு? ஷாங்காய். சீனாவுக்கு அல்ல, ஷாங்காய் என்ற ஒரு நகரத்துக்கு. 2018-ல் பெய்ஜிங், ஷாங்காய், ஜியாங்சு, ஜெஜியாங் என நாலு இடங்கள் சேர்ந்து முதலிடம். பேப்பர்க்காரர்கள் "சீனா முதலிடம்" என்று போட்டார்கள். திறமையைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வசதியான நாலு பகுதிகள் ஒரு பக்கம், முழு நாடுகள் இன்னொரு பக்கம் என்று இருக்கும் பட்டியலில் ரேங்க் என்பதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொள்.

அடுத்தது, தரவு இருக்கிறவர்கள் மட்டும் உள்ளே வரும் பட்டியல். ஐ.நா. மனித வளர்ச்சிக் குறியீட்டின் 2025 அறிக்கையில் 193 இடங்களுக்கு ரேங்க் இருக்கிறது. ஐ.நா. உறுப்பு நாடுகளும் 193. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து அப்படியே எழுதிவிடாதே. குறியீட்டில் வட கொரியாவும் மொனாக்கோவும் இல்லை, தேவையான எண்கள் கிடைக்காததால். பதிலுக்கு ஹாங்காங்கும் பாலஸ்தீனமும் இருக்கின்றன. எண் ஒத்துப்போனது தற்செயல். உலக வங்கிக்காரர்கள் இன்னும் உஷார்: "நாடு" என்பதற்குப் பதிலாகப் பல இடங்களில் "பொருளாதாரம்" என்று எழுதி 217 வரை கணக்கு வைக்கிறார்கள். ஹாங்காங், மக்காவ், போர்ட்டோ ரிக்கோ எல்லாம் தனித்தனி வரிசை. தைவானைத் தேடினால் கிடைக்காது.

ரேங்க் பற்றி உன் கைடிடம் காட்ட ஒரு உதாரணம் வேண்டுமென்றால் உலகப் பசிக் குறியீடு. 2014-ல் இந்தியா 55-ஆவது இடம், 2017-ல் 100-ஆவது இடம். மூன்று வருஷத்தில் 45 படி சறுக்கல் என்று மேடைக்கு மேடை பேசினார்கள். நடந்தது என்ன? 2014-ல் 76 நாடுகளுக்குத்தான் ரேங்க் போட்டார்கள். பசி குறைவாக, மதிப்பெண் ஐந்துக்குக் கீழே இருந்த 44 நாடுகளை வரிசையில் சேர்க்காமல் தனியாக வைத்திருந்தார்கள். பிற்பாடு அவற்றையும் வரிசையில் சேர்த்தபோது 119 நாடுகள் ஆகிவிட்டன. 2014 பட்டியலிலேயே அந்த 44-ஐயும் நமக்கு முன்னால் நிறுத்திப் பார், 99 வரும். ஆளும் கட்சி, எதிர்க்கட்சி இரண்டு பக்கமும் இந்த எண்ணை வைத்துச் சண்டை போட்டார்கள். இந்தியா நின்ற இடத்திலேயேதான் நின்றது, வரிசை நீண்டுவிட்டது. பசி இல்லை என்று சொல்ல வரவில்லை. 55-க்கும் 100-க்கும் நடுவே இருக்கும் 45-க்கும் பசிக்கும் சம்பந்தமில்லை என்கிறேன்.

இப்போது உன் விகிதத்துக்கு வருகிறேன். உலக வங்கித் தளத்தில் பெண்கள் பங்கேற்பு விகிதம் இரண்டு வரிசையாக இருக்கும். ஒன்று அந்தந்த நாடு தன் சர்வேயில் கண்டது. இன்னொன்று உலகத் தொழிலாளர் நிறுவனம் கணித மாடல் வைத்துக் கணக்கு போட்டு மதிப்பிட்டது. இரண்டாவதில் ஓட்டை அதிகம் இருக்காது. வட கொரியாவுக்குக்கூட எண் இருக்கும்! யார் போய் வீடு வீடாகக் கேட்டார்கள் என்று நீயே சொல். நீயும் உன் தோழியும் எந்த வரிசையை எடுத்தீர்கள் என்று முதலில் பாருங்கள். கேட்டு எழுதின எண்ணையும் கணக்கு போட்டு நிரப்பின எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இவர்கள் மேல், அவர்கள் கீழ்" என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம் ஒரே நாட்டுக்குள்ளேயே வருஷம் மாறினால் என்ன ஆகிறது என்று பார். மத்திய அரசு வீடு வீடாக எடுக்கும் தொழிலாளர் கணக்கெடுப்பான நம் பி.எல்.எஃப்.எஸ். சர்வேயில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் பங்கேற்பு 2017-18-ல் 23.3 சதவீதம், 2023-24-ல் 41.7 சதவீதம். முதல் எண்ணை எடுத்தால் பாகிஸ்தானும் நாமும் ஒட்டி நிற்போம். இரண்டாவதை எடுத்தால் நன்றாகவே தள்ளி நிற்போம். எந்த நாடு என்று சண்டை போடுவதற்கு முன்னால் எந்த வருஷம் என்று எழுதி வை.


கோட்டை பக்கத்து அக்கா:

ஐயா சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். நான் வேலூர் பழைய டவுனில் குழந்தைகள் ஆய்வுக்காக வீடு வீடாகப் போன களப்பணியாளர். மால்-எட் என்று பெயர், 2009-ல் ஆரம்பித்தது. எட்டு நாடுகளில் ஒவ்வொரு இடம்: டாக்கா, நேபாளத்தில் பக்தபூர், பாகிஸ்தானில் நௌஷாரோ பெரோஸ், பிரேசிலில் ஃபோர்டலேசா, பெருவில் லொரேட்டோ, தென்னாப்பிரிக்காவில் வெண்டா, தான்சானியாவில் ஹைடம், இந்தியாவுக்கு வேலூர். பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரை வாரத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்குப் போய் வயிற்றுப்போக்கு உண்டா, காய்ச்சல் உண்டா, தாய்ப்பால் தவிர என்ன கொடுத்தீங்க என்று கேட்போம். மாசத்துக்கு ஒரு தடவை எடையும் நீளமும். பீடி சுற்றிக்கொண்டே பதில் சொல்லும் அம்மாக்கள்தான் அதிகம். முறத்தில் இலை, மடியில் குழந்தை, வாய் மட்டும் எங்களோடு பேசும்.

இந்த எட்டையும் குலுக்கல் போட்டு எடுக்கவில்லை. ஏழைக் குடும்பங்கள் இருக்க வேண்டும், குழந்தைகள் அடிக்கடி நோயில் விழும் இடமாக இருக்க வேண்டும், பக்கத்தில் இதைச் செய்யத் தெரிந்த ஆட்கள் இருக்க வேண்டும். கட்டுரைகளில் ஒவ்வொரு இடத்தையும் நாட்டுப் பெயரோடு சேர்த்துத்தான் எழுதுவார்கள். படிக்கிறவர்கள் ஊர்ப் பெயரை விட்டுவிட்டு "இந்தியா" என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு போவார்கள். அந்த இந்தியா எங்கள் தெருக்கள்தான்.

இதற்கு நேர் எதிராக இன்னொன்று. அங்கன்வாடியில் குழந்தையின் எடையைப் புள்ளி வைக்கும் வளர்ச்சி அட்டை இருக்கிறதே, அது உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட அளவுகோல். அதற்காக ஆறு நாடுகளில் அளந்தார்கள்: பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா. இந்தியாவில் எங்கே? தெற்கு டெல்லியில் வசதியான குடும்பங்களில். அம்மா புகை பிடிக்கக் கூடாது, தாய்ப்பால் கொடுக்க வேண்டும், வளர்ச்சிக்குத் தடையான வறுமை இருக்கக் கூடாது. தடையே இல்லாமல் வளர்ந்தால் குழந்தை எவ்வளவு வளரும் என்பதுதான் கேள்வி, அதனால் அப்படித்தான் எடுக்க வேண்டும். எங்கள் ஆய்வின் கேள்வி வேறு, எடுத்த இடமும் வேறு. இரண்டு பட்டியலிலும் "இந்தியா", "பிரேசில்" என்ற பெயர்கள் இருக்கும். தெற்கு டெல்லி அளவுகோலை வைத்து வேலூர்க் குழந்தையின் நீளத்தைப் பார்த்தவள் நான். பெயர் ஒன்றாக இருப்பதால் ஆள் ஒன்றாகிவிடாது.

உன் ஷூ கணக்கிலும் "இந்தியா" என்ற கட்டத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார் தங்கம்.


ஆம்பூர் மெர்ச்சண்டைசர்:

ஷூ ஏற்றுமதியில் இருக்கிறேன், நாள் பூரா எக்செல்தான். எங்களை யாரோடு ஒப்பிடுகிறார்கள் என்று சரக்கு வாங்க வரும் பையர் உட்கார்ந்து பேசும்போதே தெரிந்துவிடும். தோல் ஷூ என்றால் "வியட்நாமில் இந்த விலைக்குத் தர்றான், பங்களாதேஷில் இன்னும் குறைவு" என்பார். நல்ல ஃபினிஷிங் ஆர்டர் என்றால் போர்ச்சுகல் பெயர் வரும், சில சமயம் இத்தாலி. ஆஸ்திரேலியா, கனடா பெயரை ஒரு பையர் வாயிலும் கேட்டதில்லை. ஆர்டர் நம்மிடம் வராவிட்டால் எந்த நாட்டுக்குப் போகுமோ, அந்த நாடுகள்தான் உனக்கு வேண்டியவை. ஓ.ஈ.சி.டி., ஜி20 எல்லாம் மந்திரிகள் போட்டோ எடுக்கிற பட்டியல்.

ஐ.நா. வர்த்தகத் தரவுத் தளத்தில் எடுக்கும்போது சரக்கு எண் வரிசையில் ஷூ வகைகள் எல்லாம் அடங்கிய 64 என்ற பிரிவை மொத்தமாக எடுக்காதே. 6403 என்பது தோல் அப்பர் ஷூ. நம்ம பக்கத்துச் சரக்கு பெரும்பாலும் அதுதான். துணி அப்பர் ஸ்போர்ட்ஸ் ஷூ 6404, வியட்நாமின் பலம் அங்கே. உங்க அம்மா தைக்கிற அப்பர் தனியாகக் கப்பல் ஏறினால் 6406, ஷூ பாகங்கள். மூன்றையும் கலந்தால் எந்த நாடு எதில் போட்டி என்றே தெரியாது.

இன்னொன்று, ஏற்றுமதி மதிப்பை வைத்து வரிசைப்படுத்தினால் பெல்ஜியம் மேலே வந்து உட்காரும். அங்கே ஊர் ஊராக ஷூ கம்பெனி இருக்கிறது என்று நினைத்து மூன்று பக்கம் எழுதிவிடப் போகிறாய். ஆசியாவிலிருந்து சரக்கு அங்கே இறங்கி, குடோனில் பிரிந்து, பக்கத்து நாடுகளுக்கு மறுபடி போகிறது. தைக்கிற கை அங்கே இல்லை. ஹாங்காங்கும் அப்படித்தான். பெண் தொழிலாளர் பற்றிய ஆய்வில் இவர்களுக்கு இடமே கிடையாது.


வாலாஜா மாணவி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஐயா, பார்த்தேன். இரண்டு பேரும் மாடல் வைத்து மதிப்பிட்ட வரிசையைத்தான் எடுத்திருக்கிறோம்.

இப்போதைக்கு என் பட்டியல்: வியட்நாம், இந்தோனேசியா, பங்களாதேஷ், பாகிஸ்தான், சீனா, பிரேசில், இத்தாலி, போர்ச்சுகல். கம்போடியா பற்றி இன்னும் யோசனை. சீனா ரொம்பப் பெரியதாக இருப்பதால் வரைபடத்தில் மற்ற கோடெல்லாம் தரையில் ஒட்டிக்கொள்கிறது. பட்டியலிலிருந்து நீக்கிவிடலாமா? இந்தியாவுக்குத் தொழிற்சாலைகளின் ஆண்டு சர்வேயிலிருந்து பெண் தொழிலாளர் எண்ணிக்கை எடுத்தால் போதுமா?


காட்பாடி ஓய்வூதியர்:

சீனாவை நீக்காதே. கோடு ஒட்டிக்கொள்வது வரைபடத்தின் பிரச்சினை. எண்ணிக்கைக்குப் பதிலாகப் பெண்களின் பங்கைப் போட்டால் சரியாகிவிடும். "பார்க்க நன்றாக இல்லை" என்று ஒரு நாட்டை நீக்கினால், நாளைக்குப் பிடிக்காத இன்னொன்றையும் நீக்கத் தோன்றும். முதலில் விதியை எழுது: 6403 ஏற்றுமதி இந்த அளவுக்கு மேல், சொந்த உற்பத்தி இருக்க வேண்டும், இந்த வருஷங்களுக்குள் தொழில்வாரியாக ஆண் பெண் பிரித்த சர்வே இருக்க வேண்டும். அப்புறம் அந்த விதியில் யார் தேறுகிறார்கள் என்று பார். கம்போடியா தேறினால் வரட்டும், தேறாவிட்டால் போகட்டும், நீ யோசிக்கவே வேண்டாம். விதியால் வெளியே போனவர்கள் யார், எந்தக் காரணத்தால் என்று அடியில் ஒரு பத்தி எழுது. வைவாவில் கேட்பவர்கள் அந்தப் பத்தியைத்தான் தேடுவார்கள்.

தொழிற்சாலை சர்வே மட்டும் போதாது. மின்சாரம் இருந்தால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் என்ற அளவுக்கு மேல் பதிவான தொழிற்சாலைகள்தான் அதில் வரும். ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கையால் அப்பர் தைக்கும் பெண்கள் அதில் இல்லை. கோட்டை பக்கத்து அம்மா சொன்ன கட்டம் இதுதான். பி.எல்.எஃப்.எஸ். வீட்டில் வந்து கேட்பது, அதனால் அவர்களும் வருவார்கள். இரண்டிலும் தொழில் பிரிவு எண் 15, தோலும் ஷூவும். மற்ற நாடுகளுக்கும் வீட்டு சர்வேயையே எடு. ஒரு நாட்டுக்குத் தொழிற்சாலைக் கணக்கு, இன்னொரு நாட்டுக்கு வீட்டுக் கணக்கு என்று கலக்காதே.

மாவட்ட அளவில் எதையாவது சேர்க்கப் போகிறாய் என்றால் ஒரு எச்சரிக்கை. 1989-ல் வட ஆற்காடு இரண்டானது, 2019-ல் வேலூர் மூன்றானது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூரில், உங்கள் சிப்காட் ராணிப்பேட்டையில். "வேலூர்" என்று பெயர் போட்ட பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே கோட்டில் இழுத்தால், தோல் தொழிலே ஊரை விட்டுப் போய்விட்ட மாதிரி தெரியும். 2011-ல் சூடான் பிரிந்தபோதும் இதே கூத்துதான், தெற்கு சூடானுக்குப் பல கணக்குகளில் அதற்கு முந்தைய வரிசை கிடையாது.


பாலாற்று மணல்:

சரி ஐயா, ஜி20-ஐ வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா கைடு ஓ.ஈ.சி.டி. எங்கேம்மா என்று கேட்டால் தங்கச்சி என்ன சொல்லும்?


ஆம்பூர் மெர்ச்சண்டைசர்:

இத்தாலி, போர்ச்சுகல் ரெண்டும் ஓ.ஈ.சி.டி.தான் தலைவரே. விதிப்படியே உள்ளே வந்திருக்காங்க. கைடுக்கும் அவர் கேட்டது கிடைச்ச மாதிரி ஆச்சு. 6406-க்கு வருஷ வாரியாக ஒரு எக்செல் வைத்திருக்கிறேன், வேண்டுமானால் தனிச் செய்தியில் கேள், ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன்.